ஜீவனாம்சம் நின்னுபோனா யார் கொடுப்பாங்க? (ஒரு வருஷமும் அஞ்சு வருஷமும்)

முதலில் டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் பொட்டி தட்டிப் பிழைக்கும் சாதாரண எஞ்சினியர். தொழிற்சாலை லைனில் ஓடுகிற சாஃப்ட்வேருக்கு சப்போர்ட் கொடுப்பது வேலை, பழைய சட்டங்களின் கதையைத் தோண்டிப் படிப்பது பொழுதுபோக்கு. ஆகவே இது சரித்திரப் பதிவு, சட்ட ஆலோசனை அல்ல. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே.

மேட்டர் இதுதான். ஆஸ்திரேலியாவில் இருக்கிற கல்லூரி நண்பன் ஒருத்தன் பேச்சுவாக்கில் சொன்னான். அங்கே பிரிந்துபோன அப்பா குழந்தைக்குக் கொடுக்கிற பணமும், குழந்தை வளர்க்க அரசாங்கம் கொடுக்கிற பணமும் ஒண்ணோடு ஒண்ணு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்களாம். அப்பாவின் பணம் கூடினால் அரசாங்கப் பணம் குறையும். அப்பாவின் பணம் நின்றால் அரசாங்கம் மறுபடி கணக்குப் போடும். "நம்ம ஊர்ல எப்படிடா?" என்று கேட்டான்.

நம்ம ஊரில் ரெண்டுமே உண்டு. ஜீவனாம்சம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. ஆனால் முன்னது கோர்ட்டில் இருக்கிறது, பின்னது தாலுகா ஆபீஸில் இருக்கிறது. நம்ம பாஷையில் சொன்னால் ரெண்டு தனித்தனி டேட்டாபேஸ், நடுவில் ஃபாரின் கீ கிடையாது. ஒன்றில் பணம் நின்றுபோனது இன்னொன்றுக்குத் தெரியவே தெரியாது. இது ஏன் இப்படி ஆச்சு என்று தேடிக்கொண்டு போனால், கதை 150 வருஷத்துக்கு முன்னாடி, அதுவும் இங்கிலாந்தில் போய் நிற்கிறது.

பாதியை மட்டும் கப்பலேற்றிய கதை

இங்கிலாந்தில் 1601-லேயே ஏழைகள் சட்டம் வந்துவிட்டது. ஒரு ஊரில் கதியில்லாதவர் இருந்தால் அந்த ஊர் பாரிஷ், அதாவது சர்ச்சை ஒட்டிய ஊர் நிர்வாகம், வரி வசூலித்துச் சோறு போடணும். புருஷன் பொண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஓடிவிட்டால் அந்தச் செலவும் ஊர் தலையில்தான். ஊர்க்காரன் சும்மா இருப்பானா? ஓடினவனைப் பிடி, வசூல் பண்ணு என்றான். குடும்பத்தைப் பாரிஷ் தலையில் கட்டிவிட்டு ஓடுவதே குற்றம் என்று 1824-ன் நாடோடிகள் சட்டத்தில் எழுதியும் வைத்தார்கள். ஆக அங்கே ரெண்டு கை இருந்தது. ஒரு கை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது, மறு கை அந்த ஆணிடம் வசூலித்தது.

இந்தியாவுக்கு 1872-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், அப்போதைய வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர். ஜீவனாம்சப் பிரிவு திருட்டு, கலவரம், ஊரடங்கு எல்லாம் இருக்கிற கிரிமினல் நடைமுறைச் சட்டத்துக்குள் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று நீங்களும் யோசித்திருக்கலாம். ஸ்டீஃபனே காரணம் சொல்லியிருக்கிறார்: ஆதரவில்லாதவர்கள் தெருவில் அலைவதைத் தடுப்பதுதான் நோக்கமாம். கருணை, குழந்தையின் உரிமை எல்லாம் பிற்பாடு வந்த வார்த்தைகள். முதல் நோக்கம் தெருவைச் சுத்தமாக வைப்பதுதான்.

இங்கேதான் விஷயம். வெள்ளைக்காரன் இங்கிலாந்துச் சட்டத்தின் வசூல் பண்ணுகிற கையை மட்டும் இந்தியாவுக்குக் கப்பலேற்றினான். கொடுக்கிற கையை அங்கேயே விட்டுவிட்டான். இந்தியாவில் ஏழைகள் சட்டம் என்று ஒன்றை அவன் போடவே இல்லை. போட்டால் செலவாகுமே! அதனால் இங்கே புருஷன் கொடுத்தால் உண்டு, கொடுக்கவில்லையென்றால் இல்லை. அவனுக்குப் பின்னால் அரசாங்கம் என்று யாரும் நிற்கவில்லை.

ஐம்பதிலிருந்து ஐநூறு

1898 சட்டத்தில் இது 488-வது பிரிவு. மாதம் 50 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு. அந்தக் காலத்து 50 ரூபாய் பெரிய பணம்தான், மறுக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1973-ல் புதுச் சட்டம் வந்தபோது நமக்கெல்லாம் பழக்கமான 125-வது பிரிவு ஆனது, வரம்பு 500 ரூபாய். அதில் 'மொத்தமாக' என்று ஒரு வார்த்தை. மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே 500 என்று வாதம் வைத்தார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பாடு, துணி, வாடகை எல்லாச் செலவுக்கும் மொத்தமாக என்று அர்த்தம், ஆட்கள் எல்லாருக்கும் மொத்தமாக என்று அர்த்தமில்லை. ஆளுக்கு 500 வரை தரலாம் என்று தீர்ப்பு. ஒரு வார்த்தையை எப்படிப் படிக்கிறோம் என்பதில் ஒரு குழந்தையின் பால் செலவு இருக்கிறது பாருங்க.

அந்த 500 மத்தியச் சட்டத்தில் 2001 வரை அப்படியே கிடந்தது. 1974-ல் அமலுக்கு வந்த சட்டம், 27 வருஷம்! நடுவில் அரிசி விலை, வாடகை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. 2001 செப்டம்பரில்தான் வரம்பைத் தூக்கினார்கள், இடைக்கால ஜீவனாம்சமும் சேர்த்தார்கள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ரெண்டு பேரும் சொத்து வருமானத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தரணும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடணும் என்று சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் புதுச் சட்டம் வந்ததில், 125 இப்போது 144 ஆகிவிட்டது. நம்பர் மாறினாலும் சங்கதி அதேதான்.

நிறையப் பேர் குழப்பிக்கொள்கிற ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிவில் மனைவி வேறு, குழந்தை வேறு. மனைவிக்குக் கிடையாது என்று சொல்லச் சில காரணங்கள் சட்டத்தில் உண்டு (தக்க காரணமில்லாமல் சேர்ந்து வாழ மறுப்பது மாதிரி). அந்தக் காரணங்கள் குழந்தையைத் தொடாது. அம்மாவின் பங்கு நின்றாலும் குழந்தையின் பங்கு நிற்க வேண்டியதில்லை.

கொடுக்கிற கை முளைத்த கதை

வெள்ளைக்காரன் விட்டுவிட்டு வந்த அந்த இன்னொரு கை தமிழ்நாட்டில் மெதுவாக முளைத்தது. 1962 ஏப்ரல் 1-ல், காமராஜர் ஆட்சியில், முதியோர் பென்ஷன். 1975-ல் ஆதரவற்ற விதவைகளுக்கு. 1986 ஏப்ரலில், எம்ஜிஆர் ஆட்சியில், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு உதவித்தொகை. ஊரில் எல்லாத்துக்கும் ஒரே பேர்தான், 'ஓஏபி பணம்'. 2011-ல் 1,000 ரூபாய் ஆனது, 2023 ஆகஸ்டில் 1,200.

1986-ல் வந்த அந்தத் திட்டம் நிஜமாகவே பெரிய விஷயம். புருஷன் செத்தால்தான் பெண் ஆதரவற்றவள் என்று இல்லை, உயிரோடு இருந்துகொண்டே விட்டுப்போனாலும் ஆதரவற்றவள்தான் என்று அரசாங்கம் முதல்முறையாகத் தன் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டது. அதுக்கு ஒரு சலாம். ஆனால் விதியைப் படித்தால் உதைக்கிறது. வயசு 30 ஆகியிருக்கணும். கணவன் விட்டுப்போய் குறைந்தது 5 வருஷம் ஆகியிருக்கணும், இல்லையென்றால் கோர்ட்டிலிருந்து பிரிந்ததற்கான ஆவணம் வேணும். கூடவே, தொகை பெண்ணுக்குத்தான். பிள்ளை இல்லாதவளுக்கும் மூணு பிள்ளை வைத்திருப்பவளுக்கும் ஒரே தொகை. குழந்தை என்ற ஒரு ஜீவன் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

இப்போ இதைக் கோர்ட் பக்கத்துக் கணக்கோடு சேர்த்துப் பாருங்க. ஜீவனாம்ச ஆணை வாங்கியாச்சு, அவன் கொடுக்கவில்லை. நீங்கள் மனு போட்டால் வாரண்ட் வரும், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய்விட்டு வந்தாலும் கடன் தீராது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் இந்த மனுவைப் போடணும். தாண்டினால் அந்த மாதத்து பாக்கிக்கு இந்த வாரண்ட் வழி அடைபட்டுவிடும்.

ஒரு ஆபீஸ் "ஒரு வருஷத்துக்குள் வரலைன்னா லேட்டு" என்கிறது. இன்னொரு ஆபீஸ் "அஞ்சு வருஷம் ஆகலைன்னா சீக்கிரம்" என்கிறது. நடுவில் இருக்கிற நாலு வருஷம் அந்தக் குழந்தை என்ன சாப்பிடும்? என் ஒட்டுமொத்தப் பதிவும் இந்த ஒரு கேள்விதான்.

நம்ம காரிடாரில்

இது ஏட்டுக் கேள்வி இல்லை. நான் சப்போர்ட்டுக்குப் போகிற ஒரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு அக்கா. வயசு 29, என் செட்டுதான், இருந்தாலும் எல்லாருக்கும் அக்கா. ரெண்டு பிள்ளைங்க. புருஷன் கான்ட்ராக்ட்டில் லைனில் நின்றவர். கோர்ட் ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேர்த்து மாசம் 4,000 போட்டது. ஏழு மாசம் வந்தது. அப்புறம் அவர் கான்ட்ராக்ட் முடிந்து வேறு ஊர் கம்பெனிக்குப் போய்விட்டார், பணமும் நின்றது.

"கோர்ட்டுக்குப் போனா வாய்தா சார். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகுது. ஒரு மாசத்துல ரெண்டு தடவ லீவு கேட்டா சூப்பர்வைசர் மொகத்தத் தூக்கி வச்சிக்கிறாரு" என்றார். உதவித்தொகைக்கு ஒரு ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறார். வயசைக் கேட்டார்கள், விட்டுப்போய் எத்தனை வருஷம் என்று கேட்டார்கள். ரெண்டுமே பத்தவில்லை. "மூணு வருஷம் கழிச்சு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மனு வாங்கினவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் கையில் இருக்கிற விதி அது.

நம்ம பெல்ட்டின் பொழப்பையும் சேர்த்து யோசிங்க. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிப்பு வந்து 2014 நவம்பர் 1-ல் நோக்கியா ஆலை மூடியது வரைக்கும், அதற்குப் பிறகும், இங்கே நிரந்தர வேலையைவிட டிரெய்னி, அப்ரெண்டிஸ், கான்ட்ராக்ட் என்று வருகிறவர்கள்தான் எங்கு பார்த்தாலும். சம்பளத்திலேயே பிடித்தம் செய்து ஜீவனாம்சம் வாங்குவது நிரந்தர வேலைக்காரனிடம் சுலபம். கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருப்பவனிடம் எந்த முதலாளிக்குக் கடிதம் அனுப்புவது? வேலை நிஜமாகவே போய்விட்டால் தொகையைக் குறைக்கச் சொல்லி அவனும் மனு போடலாம், சட்டம் இடம் தருகிறது. அவன் பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் அவன் தொகை குறைகிற அதே நாளில் பிள்ளையின் பசி குறையாதே. அந்த வித்தியாசத்தை யார் கொடுப்பது என்று சட்டத்தில் எந்த வரியும் இல்லை.

ஒரே ஒரு பாலம்

இல்லை, ஒரு இடத்தில் வரி இருந்தது. ஷா பானு வழக்கு பெரும்பாலோருக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் போட்டது மாதம் 25 ரூபாய், ஹைகோர்ட் உயர்த்தியது 179 ரூபாய் 20 காசு, 1985-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, நாடே கொந்தளித்தது. அதன் பிறகு 1986-ல் முஸ்லிம் பெண்களுக்கான தனிச் சட்டம் வந்தது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவை மட்டும் பாருங்க. விவாகரத்தான பெண்ணை அவள் பிள்ளைகள், பெற்றோர், உறவினர் யாராலும் தாங்க முடியாவிட்டால் மாநில வக்ஃபு வாரியம் கொடுக்கணும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதாவது தனி மனிதர்கள் கைவிட்டால் அடுத்து ஒரு பொது அமைப்பு. நம்ம நாட்டு ஜீவனாம்சச் சட்டங்களில் நான் பார்த்த ஒரே 'எல்ஸ்' கண்டிஷன் இதுதான்.

அதற்கான பெரிய வழக்கு நம்ம தமிழ்நாட்டிலிருந்து போனது. ஒரு பெண் நேராக வக்ஃபு வாரியத்தைக் கேட்டார். வாரியம், முதலில் உறவினர் ஒவ்வொருத்தர் மேலும் தனித்தனியாக வழக்குப் போட்டுத் தோற்ற பிறகு எங்களிடம் வா என்ற மாதிரி வாதம் வைத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் வாதத்தை ஏற்கவில்லை. உறவினருக்கு வசதியில்லை என்பதை ஒரே வழக்கில் நிரூபித்து, நேரடியாக வாரியத்திடமே கேட்கலாம் என்றது. ஒரு ஏழைப் பெண்ணை வாசல் வாசலாக ஏறி இறங்க வைக்கக் கூடாது என்கிற அந்த ஒரு யோசனை தங்கம். அதை மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்திருக்கலாம். யாரும் விரிக்கவில்லை.

அக்கரைப் பச்சையா?

முடிச்சுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. மத்த நாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1975-ல் சட்டம் போட்டு, உதவிப் பணம் வாங்குகிற அம்மா தனக்கு வர வேண்டிய ஜீவனாம்ச உரிமையை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுக்கணும் என்றார்கள். அப்பா கொடுக்கும் காசு அரசாங்க கஜானாவுக்கு! 1984-ல் மனசு வந்து, மாதத்தில் முதல் 50 டாலர் குடும்பத்துக்குப் போகட்டும் என்றார்கள். 1996-ல் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டு, மாநிலங்கள் இஷ்டம் என்று விட்டார்கள்.

பிரிட்டனில் 1993-ல் இதுக்கென்றே ஒரு ஏஜென்சி ஆரம்பித்தார்கள். அரசு உதவி வாங்கும் அம்மாவுக்கு அப்பாவிடமிருந்து ஒரு பவுண்டு வந்தால் உதவியில் ஒரு பவுண்டு வெட்டு. அப்பா கொடுத்தாலும் ஒண்ணுதான், கொடுக்காட்டியும் ஒண்ணுதான். அப்புறம் எந்த அப்பா ஆசையாகக் கொடுப்பான்? கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, 2010 ஏப்ரலிலிருந்து அந்த வெட்டை முழுசாக எடுத்துவிட்டார்கள்.

என் நண்பன் சொன்ன ஆஸ்திரேலியாவில், 2000-ல் வந்த குடும்ப உதவித் திட்டத்தில், ஒரு வரம்புக்கு மேல் அப்பாவிடமிருந்து வரும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் குறையும். அப்பாவிடம் கேட்கவே மாட்டேன் என்று அம்மா முடித்துக்கொண்டால் (வன்முறை மாதிரி காரணம் இருந்தால் விலக்கு உண்டு) அடிப்படைத் தொகை மட்டும்தான். இதில் ஒரு பக் வேற. அரசு ஏஜென்சி மூலம் வசூலிக்காமல் நேராக வாங்கிக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லியிருந்தால், முழுத் தொகையும் கைக்கு வந்துவிட்டதாகவே சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். அவன் பத்து பைசா கொடுக்காவிட்டாலும் இங்கே வெட்டு விழும்.

எனக்குப் பிடித்தது ஸ்வீடன் வழி. 1937-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அப்பா கொடுக்கவில்லையா? குழந்தைக்கு அரசாங்கம் முன்பணமாகக் கொடுத்துவிடும். அப்புறம் அப்பாவைத் துரத்துவது அரசாங்கத்தின் தலைவலி. வாய்தாவுக்கு லீவு போடுவது அம்மாவின் வேலை இல்லை.

காகிதத்தில் இருக்கிற பணம்

2023 செப்டம்பர் 15-ல் நம்ம காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள். அதன் விதியில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டு. விட்டுப்போன புருஷன் பேரிலேயே கார்டு இருந்து, அதில் பேர் நீக்கி புதுக் கார்டு வாங்காத பெண்ணுக்கு அந்த 'குடும்பம்' எது? அதோடு, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கும் பெண்ணுக்கு இது கிடையாது என்பதும் அப்போது போட்ட விதி. அரசாங்கம் தன் ரெண்டு திட்டங்களை ஒண்ணோடு ஒண்ணு கச்சிதமாக முடிச்சுப் போட்டுக்கொண்டது. வெட்டுவதற்கு முடிச்சு உண்டு, கொடுப்பதற்கு இல்லை.

குழந்தை பேரிலேயே உள்ள ஒரு திட்டம் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா. 2022 வழிகாட்டுதல்படி மாதம் 4,000. விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் பிள்ளைகளுக்குப் பொருந்தும், அஞ்சு வருஷக் கணக்கு இதில் இல்லை. நிதிக்கு ஏற்பத்தான் எடுப்பார்கள் என்பது வேறு விஷயம். வருமான வரம்பு கிராமத்தில் வருஷம் 72,000, மற்ற இடத்தில் 96,000. 72,000 என்றால் மாதம் 6,000. ஆணையில் 6,000 ஜீவனாம்சம் இருந்து, கைக்கு சுழியம் வந்தால், வருமானக் கட்டத்தில் எதை எழுதுவது? ஆணையில் இருப்பதை எழுதினால் அந்த ஒரு தொகையே வரம்பைத் தொட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் அதே பக், நம்ம ஊர் ஃபார்மில்.

என் ஆசை பெரிசா ஒண்ணுமில்லை. கோர்ட்டில் பாக்கி மனு போட்ட நகலையே 'கைவிடப்பட்டதற்கு' ஆதாரமாக எடுத்துக்கொண்டு, அஞ்சு வருஷம் காத்திருக்கச் சொல்லாமல், குழந்தை தலைக்கு இவ்வளவு என்று தாலுகா ஆபீஸில் கொடுக்க ஆரம்பிக்கலாம். அவனிடமிருந்து பணம் வந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளைக்காரன் பிரித்த ரெண்டு கையையும் மறுபடி ஒரே உடம்பில் மாட்டுவது அவ்வளவுதான்.

அதுவரைக்கும், உங்க ஆபீஸ் கேன்டீனிலோ தெருவிலோ இப்படி யாராவது இருந்தால் மூணு விஷயம் சொல்லிவிடுங்க. பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள் மனு போடணும். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசம், போன் 15100. பிள்ளை பேரில் உள்ள உதவிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கணும். மேலே சொன்ன அக்காவுக்கு இந்த மூணையும் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாக்கி மனுவுக்கு இன்னும் நாலு மாசம் டைம் இருக்கிறது.